முழங்காலுக்கடியில்

அந்தத் தலையணையை அவர் மூன்று தடவை பிரித்துத் தைத்தார். முதல் தடவை நடுவில் மேடு தட்டிவிட்டது. அடுத்த தடவை ஓரம் கெட்டியாகிப் போனது. தொடையின் அடிச்சதையில் கோடு விழும் என்று தோன்றியது. பிறகு கடையின் பின்பக்கம் தரையில் உட்கார்ந்து, தன் முட்டியையே அதன்மேல் வைத்துப் பார்த்துப் பார்த்து, ஸ்பாஞ்சை பிளேடால் சீவி ஒரு பள்ளம் எடுத்தார். கடைசியில் கால் அதில் போய் உட்கார்ந்தபோது, முட்டை அட்டையில் முட்டை உட்கார்ந்த மாதிரி இருந்தது. மேலே மெல்லிய பருத்தித் துணி. தையல் தோலில் படாதபடி உள்பக்கமாகத் திருப்பி மூடினார். லாரி சீட்டுக்கு இந்த மெனக்கெடல் கிடையாது.

லாரி சீட்டும் பஸ் சீட்டும் தைப்பதுதான் அவர் தொழில். தெருவுக்கு அவர் குஷன்காரர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும் டிரைவரிடம் அவர் கேட்பது ஒரே கேள்வி: "எங்க வலிக்குது?" அவன் காட்டிய இடத்தில் மெத்தென்று எதையாவது வைப்பார். வலிக்கு அவருக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான். அந்தப் பதில் இதுவரை பொய்த்ததும் இல்லை.

அவர் மனைவியைத் தெரு 'மாஸ்டர்' என்று சொல்லும். சட்டை தைக்கும் கம்பெனியில் அவள் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக மேசையில் விரித்து, மேல் அடுக்கில் கோடு போட்டு, கரண்ட் கத்தியால் மொத்தத்தையும் ஒரே ஓட்டத்தில் அறுக்க வேண்டும். கத்தி நூலிழை விலகினால் அத்தனை சட்டைக்கும் ஒரு கை குட்டையாகிவிடும். ஆம்பிளைகளே பார்த்துவந்த வேலையை அவள் எடுத்துக்கொண்ட நாளில் கேலியாக ஒட்டிய பட்டம், பிறகு நிஜமான மரியாதையாகிவிட்டது. அந்த வேலைக்கு நாற்காலி கிடையாது. நின்றும் நடந்தும்தான் பார்க்க வேண்டும். அப்படி நின்றே தேய்ந்தது வலது முட்டி. மேசையை விட மனசில்லாமல்தான் ஆபரேஷனுக்கே ஒத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் நாள், எதையெல்லாம் செய்யக்கூடாது என்று நர்ஸ் கட்டிலருகே நின்று விளக்கமாகச் சொன்னாள். அந்த நேரம் பார்த்து குஷன்காரர் கீழே, வாடகைக் காரின் முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, ஒரு பக்க ஸ்பிரிங் செத்துக் கிடப்பதைக் கண்டுபிடித்து, "இதுல தினம் உட்கார்ந்தா உங்க இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" என்று டிரைவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் மாத்திரை மயக்கத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மகள் தூரதேசத்தில் கைக்குழந்தையோடு இருந்ததால் ஒத்தாசைக்கு வந்திருந்த குஷன்காரரின் அக்கா, கூடைக்குள் தலையை விட்டு பிளாஸ்க் மூடியைத் தேடினாள். ஆக, நர்ஸ் சொன்னதைக் கேட்டது சுவர் மட்டும்தான்.

வீட்டில் முன்னறை ஜன்னலோரமாகக் கட்டில் போட்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் வெல்டிங் பட்டறை. கம்பியில் பொறி பறக்கும்போதெல்லாம் கூரையில் நீல வெளிச்சம் வந்து போகும். கட்டுப் பிரித்த அன்றைக்கு மூன்று பேரும் குனிந்து அந்த முட்டியைப் பார்த்தார்கள். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, கோடு நெடுக இரும்புப் பின்.

"தைக்கவே இல்லியே. பின்னுல்ல அடிச்சிருக்காங்க" என்றாள் மாஸ்டர்.

"நான் பலகையில ரெக்சினுக்கு அடிப்பேனே, அதே பின்னு" என்றார் குஷன்காரர். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"அப்ப உன்கிட்டயே கூட்டிட்டு வந்திருக்கலாமே தம்பி" என்றாள் அக்கா. "கூடவே ஓரத்துல கலருக்கு ஒரு பைப்பிங் நாடாவும் வச்சுக் கொடுத்திருப்ப."

மாஸ்டர் சிரித்தாள். சிரித்ததும் வலித்தது. குஷன்காரர் சட்டென்று தலையணையை எடுத்து முட்டிக்கு அடியில் செருகினார். அவள் கண்ணை மூடினாள்.

"எப்படி இருக்கு?"

"ம்."

அந்த 'ம்' போதும் அவருக்கு. கடைக்குப் போனவர் அன்று முழுக்க ஒரு பஸ்ஸின் கடைசி வரிசை சீட்டைத் தைத்துக்கொண்டே அந்த 'ம்'மை நினைத்துக்கொண்டிருந்தார்.

பின்னெல்லாம் எடுத்த பிறகு, நடக்கவும் பயிற்சிக்கும் பிசியோ வரத் தொடங்கினாள். தலையில் ஹெல்மெட், தோளில் பை, ஸ்கூட்டரை நிறுத்தும்போதே பேச்சை ஆரம்பித்துவிடும் சின்ன வயசுப் பெண். அக்கா முதல் நாளே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டாள்: கால் டீச்சர்.

கால் டீச்சர் போர்வையை விலக்கினாள். தலையணையைப் பார்த்தாள்.

"இது யார் வச்சது?"

"நான்தான். நானே தைச்சது" என்றார் குஷன்காரர்.

"ரொம்ப அழகா இருக்கு சார்." அவள் அதை உருவித் தரையில் போட்டாள். "இதுதான் இப்ப அம்மாவுக்கு எதிரி."

உருவின இடத்தில் கால் கட்டிலில் படியவில்லை. தலையணை இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே, லேசாக மடங்கி நின்றது. முட்டிக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு சந்து. அதன் வழியாக அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது.

"புது முட்டி சார் இது. எப்படிப் பழக்குறோமோ அப்படித்தான் நிக்கும். மடக்கியே வச்சா அதுக்கு அதுதான் சுகம். பின்னாடி சதை சுருங்கிடும். அப்புறம் நிமிரவே நிமிராது. நிமிராத கால்ல நின்னு பாருங்க, எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

மாஸ்டர் கேட்டாள்: "மேசைகிட்ட நிக்க முடியாதா?"

"இப்படியே விட்டா முடியாதும்மா. பழையபடி நொண்டிக்கிட்டுத்தான். இல்லேன்னா டாக்டர் மறுபடி மயக்கம் கொடுத்து நிமிர்த்தணும்."

போகும்போது கால் டீச்சர் குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போனாள். தானாகத் தொங்கி நிமிர வேண்டுமாம். மாஸ்டர் பல்லைக் கடித்தாள். நெற்றியில் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது. குஷன்காரரால் பார்க்க முடியவில்லை. கடைக்குப் போவதாகச் சொல்லி வெளியே வந்து, கடைக்குப் போகாமல் வெல்டிங் பட்டறை வாசலில் நின்றார். உள்ளே ஒருவன் வளைந்த இரும்புக் கிராதியைச் சம்மட்டியால் அடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தான். அங்கேயும் நிற்க முடியாமல் நகர்ந்தார்.

மறுநாள் மத்தியானம். அக்கா முட்டையும் சூப்பும் கொடுத்துவிட்டு, மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். மழை பிடித்துக்கொண்டது.

"என்னங்க."

"சொல்லு."

"கொஞ்ச நேரம் வைங்களேன். தூக்கம் வர்ற வரைக்கும்."

எது என்று அவர் கேட்கவில்லை. அலமாரிக்கு மேலிருந்து தலையணையை எடுத்தார். கையில் அது பூனைக்குட்டி மாதிரி இருந்தது. வைத்தார். அவள் முகத்திலிருந்த முடிச்செல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்வதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தூங்கிவிட்டாள். எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தார். எடுத்தால் முழித்துக்கொள்வாள். மழை ஓடிக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை.

அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. அக்கா வெளியே போவாள்; அவர் கடையிலிருந்து வருவார். அவர்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசாமல் இருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு. கல்யாணமான புதிதில் அவளுடைய தோழிகள் "உன் வீட்டுக்காரர் பேசுவாரா?" என்று கேட்டதற்கு, "பேசுவார், மழைக்காலத்துல" என்று அவள் சொன்னது இன்னும் அவர்கள் நடுவே சுற்றும். அந்த மௌனத்துக்குள் எத்தனையோ நல்லதைச் செய்ததாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கால் டீச்சர் வரும் நாளெல்லாம் தன் பிளாஸ்டிக் அளவுகோலை முட்டியின் பக்கவாட்டில் வைத்துப் பார்ப்பாள். மடங்குவது கூடிக்கொண்டே வந்தது. வாக்கரைத் தள்ளி மாஸ்டர் சமையலறை வரை போனாள்; அக்கா வெங்காயம் நறுக்குவதைப் பார்த்து, "அண்ணி, கத்தியை இப்படியா பிடிப்பாங்க?" என்று வம்புக்கு இழுத்தாள். "சட்டை வெட்டுறவ வந்துட்டா வெங்காயம் வெட்ட சொல்லிக் கொடுக்க" என்று அக்கா மூக்கை உறிஞ்சினாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. நிமிர்வது மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

"புரியல எனக்கு" என்றாள் கால் டீச்சர் ஒருநாள், அளவுகோலை மடக்கிக்கொண்டே. "இவ்வளவு நல்லா ஒத்துழைக்கிறீங்க. இந்நேரம் படிஞ்சிருக்கணும். உள்ள ஏதாவது தடிச்சிருக்கோ என்னவோ. டாக்டர்கிட்ட சொல்லிடுறேன். மயக்கம் கொடுத்துப் பார்க்கிறதுதான் வழின்னு அவர் சொன்னாலும் சொல்வார்."

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தாள். குஷன்காரர் சுவரைப் பார்த்தார். அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கால் டீச்சர் வெளியே போய் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் பின்னாலேயே போய் நின்றார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"உள்ள ஒண்ணும் தடிக்கல" என்றார். "நான்தான் வைக்கிறேன்."

"என்னது சார்?"

"தலையணை. மத்தியானம் மத்தியானம். தூங்கினப்புறம் எடுக்கணும்னுதான் வைப்பேன். எடுக்கிறதில்ல."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். கோபப்படுவாள் என்று நின்றார். அவள் தலையை லேசாகச் சாய்த்து அவரைப் பார்த்தாள்.

"அவங்க வலியில துடிக்கிறதைப் பார்க்க முடியல, அதானே?"

"ஆமா."

"உங்க கையைக் காட்டுங்க."

காட்டினார். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்கள், வார் இழுத்து இழுத்துத் தடித்த உள்ளங்கை.

"நல்ல கனமான கைதான். உள்ள வாங்க."

திரும்ப வந்த அவர்களைப் பார்த்ததுமே மாஸ்டருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "சொல்லிட்டீங்களா?" என்றாள். அதில் கோபம் இல்லை. மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

"என்னத்தைச் சொன்னான்?" என்றாள் அக்கா. சொன்னதும் அவள் அலமாரி மேலே எட்டித் தலையணையை இழுத்தாள். "புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து திருட்டுத்தனம் பண்ணியிருக்கீங்க, இந்த வயசுல! பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க தேவலாம். இனிமே இது எனக்கு. என் இடுப்பு வலிக்கு எவனும் ஆபரேஷன் பண்ணல, எவனும் தலையணையும் தைக்கல." அதைச் சமையலறை முக்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது: "அட, சுகமாத்தாண்டா இருக்கு!"

கால் டீச்சர் குஷன்காரரின் கையைப் பிடித்து, உள்ளங்கை மேலே பார்க்கும்படி மாஸ்டரின் முட்டிக்கு அடியில் இருந்த சந்துக்குள் தள்ளினாள். கை தாராளமாகப் போனது. இன்னொரு கையும் போகும்போல் இருந்தது.

"அம்மா, இந்தக் கையை நசுக்குங்க. தொடையை இறுக்கி முட்டியைக் கீழ அமுக்குங்க. இவர் வலிக்குதுன்னு சொல்ற வரைக்கும் விடாதீங்க. சார், நீங்க கையைத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. தாங்கவும் கூடாது. சும்மா வச்சிருங்க."

"அவர் கையையா நசுக்கணும்?" என்றாள் மாஸ்டர்.

"ஆமா."

"பாவம்."

சமையலறையிலிருந்து அக்கா கத்தினாள்: "பாவம் பார்த்தா கால் நிமிராது. அவன் மேல உனக்கு என்னென்ன குறை இருக்கோ அதையெல்லாம் நெனச்சுக்கிட்டு அமுக்கு. தானா பலம் வரும்!"

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அடுத்த நாள் காலையில் தொடங்கியபோது, வலி தாங்காமல் மாஸ்டர் அதையே பிடித்துக்கொண்டாள்.

"டீயில சர்க்கரை கம்மின்னா வாய் திறந்து சொல்ல மாட்டீங்க. பாதி குடிச்சிட்டு வச்சிடுவீங்க. நானே கண்டுபிடிக்கணும்." அமுக்கினாள். முட்டி அவர் விரல்களை லேசாகத் தொட்டுவிட்டுப் போனது.

"அப்புறம்?" என்றாள் அக்கா, முறத்தோடு வந்து கட்டிலோரம் உட்கார்ந்துகொண்டு.

"என் தங்கச்சி ஊருக்குத் தனியா ரயில்ல போறேன்னு சொன்னேன். அலைச்சல்னு கூடவே வந்தாரு. வந்து அங்க இருந்த அத்தனை நாளும் வாயே திறக்கல. அவ புருஷன் இவருக்கு ஏதோ தொண்டையில கோளாறுன்னு மருந்து வாங்கிட்டு வந்துட்டான்."

அக்கா சிரித்த சிரிப்பில் முறத்திலிருந்த அரிசி சிதறியது. மாஸ்டரும் சிரித்துக்கொண்டே அமுக்கினாள். கண்ணோரத்தில் நீர் வடிந்தது. சிரிப்பா வலியா என்று குஷன்காரருக்குப் பிரிக்கத் தெரியவில்லை. கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தடவையும் அவள் முகம் சுருங்கும்போது அவர் விரல்கள் தாமாகவே மேலே எழப் பார்த்தன. தாங்கிப் பழகின விரல்கள். அவற்றைக் கீழே கிடத்தி வைப்பதுதான் அவருக்கு வேலையாக இருந்தது.

இப்படியே போனது. சைக்கிள் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டவள் விழுந்துவிடுவாள் என்று சைக்கிளையே விற்றது. மகளைப் பார்க்க விமானத்தில் போகலாம் என்றபோது உன் காதுக்கு ஆகாது என்றது. குறைகளுக்குப் பஞ்சம் இல்லை. சந்து மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு கைதான் போகும் என்றாகி, பிறகு அதுவும் உரசிக்கொண்டுதான் போகும் என்றானது.

ஒருநாள் அக்கா குளிக்கப் போயிருந்தாள். மாஸ்டர் அமுக்கத் தொடங்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீல வெளிச்சம் வந்து போனது.

"கம்பெனியில ரெண்டாவது யூனிட் திறந்தாங்களே, ஞாபகம் இருக்கா?"

"ம்."

"அதை மொத்தமா நான் பார்த்துக்கணும்னு சொன்னாங்க. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல, சந்தோஷத்துல. காலையில நீங்க முதலாளியைப் பார்த்து, அவளுக்கு முடியாது, கால் தாங்காதுன்னு சொல்லிட்டு வந்துட்டீங்க."

அவர் இன்னொரு கையால் விரிப்பின் சுருக்கத்தை நீவினார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல."

"நீ கஷ்டப்படுவேன்னு..."

"தெரியும். கெட்ட எண்ணத்துல பண்ணியிருந்தா அன்னிக்கே சண்டை போட்டிருப்பேன். நல்லதுக்குன்னு பண்ணினதால சண்டையும் போட முடியல. எங்க போய்ச் சொல்றது?"

சொல்லிவிட்டு அமுக்கினாள். அதுவரைக்கும் இல்லாத அழுத்தம். அவருடைய மோதிர விரல் மெத்தைக்குள் புதைந்தது. அவள் விட்ட பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. கதவு திறந்த பிறகுதான் எடுத்தார்.

அன்றைக்குக் கடையில் ஒரு டிரைவர் வந்து சீட்டில் உட்கார்ந்து காட்டி, "கொஞ்சம் மெத்துன்னு போட்டுருங்க" என்றான். குஷன்காரர் ஸ்பாஞ்சைக் கையிலெடுத்தவர், வைத்துவிட்டு, "உங்களுக்கு எப்படி வேணும்னு நீங்களே சொல்லுங்க. இது மெத்து, இது கெட்டி. ரெண்டுலயும் உட்கார்ந்து பாருங்க" என்றார். டிரைவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அந்தக் கடையில் அப்படி யாரும் கேட்டதில்லை.

சில நாள் கழித்துக் கம்பெனி முதலாளி போன் செய்தார். மாஸ்டர் வாக்கர் இல்லாமல், சுவரைத் தொட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தாள். போன் குஷன்காரர் கையில் இருந்தது.

"எப்படி இருக்காங்க மாஸ்டர்? இங்க புதுசா வந்த பையன் துணியைக் கொத்திப் போடுறான். ஆனா அவங்களால இனிமே நிக்க முடியுமா, இல்ல உட்கார்ந்து பார்க்கிற மாதிரி வேற ஏதாவது வேலை..."

"அவளுக்கு இன்னும்..." என்று ஆரம்பித்தார் குஷன்காரர். அப்படியே நின்றுபோனார். மறுமுனையில் "ஹலோ, ஹலோ" என்று கேட்டது.

நடந்து போய் போனை அவளிடம் நீட்டினார். "உன்னைத்தான் கேட்கிறாங்க."

மாஸ்டர் போனை வாங்காமல் கொஞ்சநேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாங்கிக் காதில் வைத்தாள்.

"வரேன் சார். இல்ல, மேசைக்குத்தான். முதல்ல அரை நாள் நிப்பேன், அப்புறம் பார்க்கலாம். கத்தியை அந்தப் பையன்கிட்டருந்து வாங்கி உள்ள வைங்க."

வைத்துவிட்டு அவரிடம் திரும்பினாள். "அரை நாளுன்னு சொல்லிட்டேன். முடியுமாங்க?"

"நீதான் சொல்லணும்" என்றார்.

கால் டீச்சர் வர வேண்டிய அடுத்த காலையில் வெயில் நன்றாக அடித்தது. ஜன்னல் கம்பியின் நிழல் போர்வையில் கோடு கோடாக விழுந்திருந்தது. அக்கா ஊருக்குக் கிளம்பும் யோசனையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார் குஷன்காரர்.

"ம், வைங்க."

கையை வைத்தார். நுழைக்கத்தான் வேண்டியிருந்தது, தோலும் விரிப்பும் ஒட்டிக்கிடந்தன.

"இன்னிக்கு என்ன குறை?" என்று கேட்டாள் அக்கா, மடித்த துணியைக் கூடைக்குள் திணித்தபடி.

மாஸ்டர் யோசித்தாள். "ஒண்ணும் நெனப்புக்கு வரல அண்ணி."

"அடிப்பாவி, அவ்வளவுதானா? எனக்கே நாலு தெரியுமே. கடன் தரவா?"

மாஸ்டர் மூச்சை இழுத்துக்கொண்டு தொடையை இறுக்கினாள். முட்டிச் சில்லு மேலே ஏறியது. தழும்பின் கோடு நேரானது. குஷன்காரரின் உள்ளங்கைமேல் அவள் காலின் வெதுவெதுப்பு முழுசாக வந்து இறங்கியது. முதலில் நடுவிரல், பிறகு கை முழுவதும், பிறகு மணிக்கட்டு. எங்கும் சந்து இல்லை. விரலை அசைக்கப் பார்த்தார், அசையவில்லை. உருவப் பார்த்தார், வரவில்லை.

"எடுக்க முடியல" என்றார்.

அக்கா துணியைப் போட்டுவிட்டு வந்து குனிந்து பார்த்தாள். கையை வாய்மேல் வைத்துக்கொண்டாள்.

"வலிக்குதா?" என்று கேட்டாள் மாஸ்டர்.

இல்லை என்று சொல்லத்தான் அவர் நாக்கு எழுந்தது. எழுந்ததைத் திருப்பி வைத்தார்.

"வலிக்குது" என்றார்.

"இருக்கட்டும்" என்றாள் மாஸ்டர். காலை எடுக்கவில்லை.